ஸ்டெரிலைசர் கதவை எப்போது திறக்கலாம்? மென்பொருள் சரிபார்ப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செம்பனை ஆலையில் குலைகளை நீராவியில் அவிக்கும் ஸ்டெரிலைசரின் கதவைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஆள் உயரத்தைவிடப் பெரிய வட்ட இரும்பு. குறுக்களவு 2.1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 3 பார் அழுத்தத்தில் நீராவி நிற்கும்போது அந்தக் கதவை உள்ளிருந்து ஏறக்குறைய 106 டன் எடை தள்ளுகிறது. இந்த எண்ணைக் கேட்டு எல்லோரும் பயப்படுவார்கள். எனக்கு அதைவிடப் பயம் தருவது இன்னொரு எண். அழுத்தம் 0.1 பாருக்கு இறங்கி, மீட்டர் ஊசி கிட்டத்தட்ட அடியில் படுத்துவிட்ட பிறகும் அதே கதவை 3.5 டன் தள்ளிக்கொண்டுதான் இருக்கும். ஒரு லாரி முட்டுக்கொடுத்து நிற்கும் கதவு அது. பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் முடிந்த மாதிரி தெரியும்.

என் அப்பா அந்தக் கதவு முன்னால் 22 ஆண்டு நின்றவர். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பால்மரத்தை (ரப்பர்) வெட்டிச் செம்பனை நட்ட காலத்திலிருந்து ஆலை வேலை. நான் கணினி படிக்கப் போனேன். படித்ததில் எது அப்பாவுக்கு உதவும் என்று தேடியபோது கையில் கிடைத்தது மென்பொருள் சரிபார்ப்பு. சில ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். கம்பாரிலோ பினாங்கிலோ கணினி படித்து இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள், பொலிடெக்னிக் முடித்துவிட்டு ஆலையில் பிஎல்சிக்கு (இயந்திரங்களை இயக்கும் சிறு கணினி) நிரல் எழுதுகிறவர்கள் ஆகியோருக்காகத்தான் இந்த வழிகாட்டி. நிரல் கொஞ்சம் எழுதத் தெரிந்தால் போதும். பழைய மடிக்கணினி ஒன்று இருந்தால் தாராளம்.

சோதித்துப் பார்த்தால் போதாதா?

போதாது. பிஎல்சியில் நிரலை ஏற்றி, இருபது சுற்று ஓட்டிப் பார்த்து, கதவு சரியான நேரத்தில் திறக்கிறது என்று கையெழுத்துப் போடுகிறோம். அந்த இருபது சுற்றிலும் மீட்டர் ஒழுங்காக வேலை செய்தது, மின்சாரம் நிற்கவில்லை, யாரும் அவசரப்படவில்லை. இருபத்தோராவது சுற்றில் மூன்றும் ஒன்றாகக் கெட்டால் என்ன ஆகும் என்று அந்தக் கையெழுத்து எதுவும் சொல்லவில்லை. சோதனையில் நாம் பார்ப்பது நடந்த சில வழிகளை மட்டும். நடக்கக்கூடிய எல்லா வழிகளையும் பார்ப்பதுதான் சரிபார்ப்பு.

இது விளையாட்டுக் கவலை இல்லை. 1985க்கும் 1987க்கும் இடையில் தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைக் கொடுத்தது. சிலர் இறந்தார்கள். அதற்கு முந்திய தெராக்-20 இயந்திரத்தின் நிரலிலும் அதே மாதிரிப் பிழை இருந்தது. ஆனால் அதில் தனியாக ஓர் இயந்திரப் பூட்டு இருந்ததால் பிழை யாரையும் தொடவில்லை. புதிய இயந்திரத்தில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, நிரல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டார்கள். ஆலைக்காரர்கள் இதை மறக்கவே கூடாது. எட்டாம் படியில் திரும்ப வருகிறேன்.

முதல் படி: கதவு முன் நிற்பவரிடம் கேளுங்கள்

கணினியைத் திறக்காதீர்கள். ஆலைக்குப் போங்கள். எந்த ஆலைக்கும் உள்ளே போக அனுமதி வேண்டும், ஷிப்ட் முடிந்து வெளியே வருபவரோடு ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

ஸ்டெரிலைசரின் வேலை சுருக்கமாக இதுதான். குலைகளைக் கூண்டு வண்டிகளில் ஏற்றித் தண்டவாளம் வழியாக நீண்ட உருளைக்குள் தள்ளுவார்கள். கதவைப் பூட்டி நீராவி விடுவார்கள். பல ஆலைகளில் மூன்று தடவை அழுத்தம் ஏற்றுவார்கள். முதல் இரண்டு தடவை ஏற்றி இறக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, மூன்றாவது தடவை நிறுத்தி அவிப்பார்கள். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 90 நிமிடம். இதில் பழம் குலையிலிருந்து உதிரும் பதத்துக்கு வரும், எண்ணெயைக் கெடுக்கும் நொதியும் செத்துப்போகும்.

நான் முதன்முதலில் கேட்ட கேள்வி என் வாழ்க்கையிலேயே எனக்குப் பெரிய பாடம். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரிடம், "அண்ணே, மீட்டர் கோசோங் காட்டினா கதவைத் திறந்திடலாம்தானே?" என்றேன். (கோசோங் என்றால் பூஜ்யம்.)

"யார் சொன்னா? கதவுல ஒரு சின்னக் குழாய் இருக்குல்ல, அதை மொதல்ல திறக்கணும் தம்பி. ஆவி வந்தா மீட்டர் பொய் சொல்லுதுன்னு அர்த்தம். அந்தக் குழாயும் எண்ணெய்ப் பிசுக்குல அடைச்சுக்கும். கம்பி விட்டுக் குத்திப் பார்க்கணும்."

நான் பல்கலைக்கழகத்தில் எழுதியிருந்த மாதிரியில் (ஸ்டெரிலைசர் நடந்துகொள்ளும் விதத்தைக் கணினிக்குச் சுருக்கிச் சொல்லும் வடிவம்) மீட்டர் காட்டுவதும் உள்ளே இருக்கும் அழுத்தமும் ஒன்றுதான். அவர் ஒரே வாயில் அவை இரண்டு வேறு பொருள்கள் என்று காட்டிவிட்டார். குறிப்பேட்டில் இந்த மாதிரிப் பேச்சை அப்படியே, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். அழகுபடுத்தினால் தகவல் போய்விடும்.

இரண்டாம் படி: நடக்கவே கூடாததை ஒரு வரியில் எழுதுங்கள்

தமிழிலேயே எழுதுங்கள். "உள்ளே அழுத்தம் இருக்கும்போது கதவுப் பூட்டு அவிழவே கூடாது." எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் முதலில் எழுதியது "மீட்டர் 0 காட்டாமல் பூட்டு அவிழக் கூடாது" என்பது. இது ஆபத்தைப் பற்றிய வாக்கியமே இல்லை, நாம் நினைத்து வைத்திருக்கும் தீர்வைப் பற்றிய வாக்கியம். மீட்டரைக் காப்பாற்றுவது நம் வேலை இல்லை, கதவு முன் நிற்கும் ஆளைக் காப்பாற்ற வேண்டும்.

மூன்றாம் படி: ஒவ்வொரு கட்டளைக்கும் நான்கு கேள்வி

மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நான்சி லெவ்சன் வளர்த்த முறை இது. தெராக்-25 விபத்துகளை ஆராய்ந்து 1993இல் விரிவாக எழுதிய இருவரில் அவரும் ஒருவர். ஏதாவது ஒரு பாகம் உடைவதால்தான் விபத்து வருகிறது என்ற பழைய எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. எல்லாப் பாகமும் சொன்னபடி வேலை செய்து, அவை ஒன்றோடொன்று சேரும் விதத்தில் விபத்து வரலாம் என்பது அவர் பார்வை.

நிரல் கொடுக்கும் கட்டளைகளை வரிசையாக எழுதுங்கள்: நீராவி விடு, நீராவியை நிறுத்து, வெளியேற்று, பூட்டை அவிழ்க்க அனுமதி கொடு. ஒவ்வொன்றையும் எடுத்துக் கேளுங்கள். கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுக்காவிட்டால் ஆபத்தா? கொடுக்கக் கூடாத நேரத்தில் கொடுத்தால்? முந்தியோ பிந்தியோ வரிசை மாறியோ கொடுத்தால்? சீக்கிரம் நிறுத்திவிட்டாலோ தேவைக்கு மேல் நீட்டித்தாலோ? "வெளியேற்று" என்பதைச் சீக்கிரம் நிறுத்தினால் என்ன ஆகும் என்று பாருங்கள். மேலே சொன்ன அந்த 0.1 பார் உள்ளேயே தங்கிவிடும்.

1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் ஏவுகணைக் கட்டுப்பாட்டுக்காக உருவான, விபத்திலிருந்து பின்னோக்கிக் காரணங்களைக் கிளை கிளையாகப் பிரிக்கும் பிழை மரம் வரையும் முறையும் இருக்கிறது. தேர்வுக்குக் கேட்பார்கள், தெரிந்துகொள்ளுங்கள். நிரல் கலந்த அமைப்புக்கு இந்த நான்கு கேள்விகளிலிருந்துதான் எனக்கு அதிகம் கிடைத்திருக்கிறது.

நான்காம் படி: நிலைகளை எண்ணுங்கள்

இனி மாதிரி. ஆலையை அப்படியே வரைய வேண்டாம், நம் வாக்கியத்தைத் தொடும் பொருள்கள் மட்டும் போதும். கதவுப் பூட்டு இரண்டு நிலை, உள்வரும் வால்வு இரண்டு, வெளியேற்றும் வால்வு இரண்டு, கதவின் சிறுகுழாய் இரண்டு. உண்மையான அழுத்தத்துக்கு மூன்று: இல்லை, கொஞ்சம், முழுசு. மீட்டர் காட்டும் அழுத்தம் தனியாக மூன்று. பெருக்கினால் 144. நிரலுக்கு ஆறு கட்டம்: காத்திரு, பூட்டு, ஏற்று, அவி, வெளியேற்று, திறக்க அனுமதி. மொத்தம் 864 நிலைகள்.

அழுத்தத்தை மூன்றாகக் குறுக்கியதைச் சிலர் ஏமாற்று என்பார்கள். 0 முதல் 3 பார் வரை ஒவ்வொரு புள்ளியையும் வைத்தால் கணினி மூச்சுத் திணறும், நமக்கு ஒன்றும் கூடுதலாகத் தெரியவும் வராது. ஆனால் "கொஞ்சம்" என்ற நடு நிலையை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். ஆட்களைக் கொல்வது அதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே புரிந்துகொள்ளுங்கள். ஒரு ஸ்டெரிலைசருக்கு 864. பக்கத்தில் இன்னொன்று சேர்ந்தால் 7,46,496. நான்கு சேர்ந்தால் ஏறக்குறைய 557 பில்லியன். இதை நிலை வெடிப்பு என்பார்கள். இந்தத் துறையின் நாற்பது ஆண்டு ஆராய்ச்சியில் பெரும்பகுதி இதை அடக்குவதற்காகத்தான் நடந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எட்மண்ட் கிளார்க்கின் குழு நிலைகளை ஒவ்வொன்றாக எண்ணாமல் கூட்டமாகக் கையாளும் வழியைக் கண்டு, 1990 வாக்கில் 10இன் 20ஆம் அடுக்கு அளவுள்ள நிலைகளைத் தொட்டது. கிளார்க், எமர்சன், சிஃபாக்கிஸ் மூவருக்கும், மாதிரியின் எல்லா நிலைகளையும் கணினியே தேடிப் பார்க்கும் இந்த "மாதிரிச் சோதனை" முறைக்காக 2007ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது.

ஐந்தாம் படி: வாக்கியத்தை விதியாக்குங்கள்

நேரம் கலந்த வாக்கியங்களைக் கணினிக்குச் சொல்லக் காலத் தருக்கம் வேண்டும். அமிர் புனூலி 1977இல் அதை நிரல்களுக்குக் கொண்டுவந்தார். நமக்குத் தேவை இரண்டு சொல்தான்: "எப்போதும்", "என்றாவது". நம் விதி இப்படி இருக்கும்: எப்போதும், பூட்டு அவிழ்ந்திருந்தால் அழுத்தம் "இல்லை" என்ற நிலையில் இருக்க வேண்டும்.

விதியை மாதிரியில் ஓட்டிச் சரிபார்க்கும் கருவிக்கு நான் ஸ்பின்னைச் சொல்வேன். ஜெரார்டு ஹோல்ஸ்மன் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியது, 1991 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. லெஸ்லி லாம்போர்ட்டின் டிஎல்ஏ பிளஸ், நுஎஸ்எம்வி ஆகியவையும் நல்லவை. உப்சலா, ஆல்போர்க் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்த உப்பால் கருவி "அவி 30 நிமிடம்" போன்ற நேரக் கணக்கு வரும்போது உதவும். முதல் மாதம் ஒரே கருவியோடு இருங்கள். நான்கையும் தொட்டுவிட்டு ஒன்றும் தெரியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: ஓட்டுங்கள், அது சொல்லும் கதையைப் படியுங்கள்

விதி உடைந்தால் கருவி "பிழை" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காது. உடைந்த வழியை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை சொல்லும். இதை எதிர் உதாரணம் என்பார்கள். எங்கள் வகுப்பில் பிள்ளைகள் அதைத் தமிழில் கதையாக எழுதி வாசிக்க வேண்டும். முதல் தடவை வந்த கதை இது.

அவித்து முடிந்தது. நிரல் வெளியேற்றும் வால்வைத் திறந்தது. அழுத்தம் "முழுசு" என்பதிலிருந்து "கொஞ்சம்" என்பதற்கு இறங்கியது. மீட்டர் போகும் வழி அடைத்திருந்ததால் அது "இல்லை" என்று காட்டியது. நிரல் அனுமதி கொடுத்தது. பூட்டு அவிழ்ந்தது.

அண்ணன் டீக்கடையில் சொன்னதேதான். ஆகவே சிறுகுழாய் திறந்திருக்க வேண்டும், அதில் ஆவி வரக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்த்தோம். மறுபடி ஓட்டினோம். அடுத்த கதை வந்தது. சிறுகுழாய் திறந்து பார்த்தாகிவிட்டது, ஆவி இல்லை, பூட்டு அவிழ்ந்தது, அப்புறம் வேறு யாரோ உள்வரும் வால்வைத் திறந்துவிட்டார்கள். கதவுக்கு வைத்த தடை ஒரு பக்கம் மட்டும்தான் வேலை செய்தது. அழுத்தம் இருந்தால் கதவு திறக்காது என்பது போலவே, கதவு முழுசாகப் பூட்டாமல் நீராவி உள்ளே வரவும் கூடாது. அதையும் சேர்த்தோம்.

மூன்றாவது கதைதான் எங்கள் எல்லோரையும் வாயடைக்க வைத்தது. அவிக்கும் நடுவில் மின்சாரம் நின்றது. ஆலைகள் தம் சொந்த டர்பைனில் ஓடுபவை, அது நின்றுபோவது அபூர்வம் இல்லை. மின்சாரம் வந்தவுடன் பிஎல்சி முதல் கட்டத்திலிருந்து தொடங்கியது. முதல் கட்டம் "காத்திரு". காத்திரு என்றால் கலன் காலி, பூட்டை அவிழ்த்து வைக்கலாம் என்று நிரல் எழுதியவர் நினைத்திருந்தார். கலனுக்குள் 3 பார் நின்றது. நிரலின் ஒவ்வொரு வரியும் எழுதியவர் நினைத்தபடியேதான் ஓடியது. தப்பு அவர் சொல்லாமல் விட்ட ஓர் அனுமானத்தில் இருந்தது. ஏரியான் 5 ராக்கெட் 1996 ஜூன் 4 அன்று கிளம்பிய 40 விநாடிக்குள் சிதறியதும் இந்த வகைதான். ஏரியான் 4க்குப் பொருந்திய ஓர் எண் அளவு புதிய ராக்கெட்டின் வேகத்துக்குப் பொருந்தவில்லை.

இதைத் திருத்த நிரலுக்கு ஏழாவது கட்டம் ஒன்று வைத்தோம். அதன் பெயர் "தெரியாது". மின்சாரம் வந்தால் எப்போதும் அங்கேதான் தொடங்க வேண்டும். முதலில் வெளியேற்ற வேண்டும், சிறுகுழாயைப் பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் மற்றவை. நிலைகள் 864இலிருந்து 1,008 ஆயின.

சிறுகுழாயே அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அதை நீங்கள் சேர்த்து, வரும் கதையைப் படியுங்கள்.

ஏழாம் படி: கருவி "சரி" என்று சொன்னால் சந்தேகப்படுங்கள்

கதவைத் திறக்கவே திறக்காத நிரல் ஒன்றை எழுதினால் நம் விதி முழுசாகத் தேறிவிடும். ஆலை ஓடாது, அவ்வளவுதான். அதனால் இரண்டாவது விதி வேண்டும்: அவித்து முடிந்தால் என்றாவது கதவு திறக்க வேண்டும். கெட்டது நடக்காது, நல்லது நடக்கும் என்ற இந்த இரண்டு வகையையும் பிரித்துக் காட்டியவர் லாம்போர்ட். இரண்டாவது வகையை ஓட்டினால் "ஆப்பரேட்டர் வரவே இல்லை, ஆகவே கதவு திறக்கவில்லை" என்று கருவி ஒரு கதை சொல்லும். எல்லோரும் தங்கள் வேலையை என்றாவது செய்வார்கள் என்று அதற்குத் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும்.

அப்புறம், சரியாக இருக்கும் மாதிரியில் நீங்களே ஒரு பிழையை விதையுங்கள். சிறுகுழாய் நிபந்தனையை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். கருவி கத்த வேண்டும். கத்தாவிட்டால் உங்கள் விதி எதையும் காக்கவில்லை.

எட்டாம் படி: மாதிரியிலிருந்து பிஎல்சிக்கு

மாதிரி தேறியது என்றால் நிரல் தேறியது என்று ஆகாது. பிஎல்சி உள்ளீடுகளை ஒரு தடவை வாசித்து, லேடரை (ஏணி வடிவில் எழுதிய நிரலை) மேலிருந்து கீழாக ஓட்டி, கடைசியில் வெளியீடுகளை எழுதும். வாசித்ததற்கும் எழுதுவதற்கும் நடுவில் சில மில்லி விநாடியில் வெளியே ஏதாவது மாறலாம். மாதிரியிலும் இதே வரிசையை வையுங்கள்.

சி மொழியில் எழுதியிருந்தால் சிபிஎம்சி, ஃபிராமா-சி போன்ற கருவிகள் நிரலையே நேரடியாகப் பார்க்கும். இந்த வழியின் உச்சம் எஸ்இஎல்4 என்ற இயங்குதளக் கரு. 2009இல் சிட்னியில் இருந்த ஆய்வாளர்கள் ஏறக்குறைய 8,700 வரி சி நிரலுக்கு 2,00,000 வரி நிரூபணம் எழுதி முடித்தார்கள். கதவுக்கு நமக்கு அவ்வளவு வேண்டாம். பாரிஸ் மெட்ரோவின் 14ஆம் தடம் 1998இல் ஓட்டுநர் இல்லாமல் ஓடத் தொடங்கியதும் பி என்ற முறையால் நிரூபித்த நிரலோடுதான்.

இங்கே தெராக்-25ஐ மறுபடி நினையுங்கள். உங்கள் மாதிரி எவ்வளவு அழகாகத் தேறினாலும் இயந்திர இன்டர்லாக்கை (இயந்திரப் பூட்டை) எடுக்கச் சொல்லாதீர்கள். யாராவது அதைக் காட்டிச் செலவைக் குறைக்கலாம் என்றால் மறுத்துவிடுங்கள். சிறுகுழாயின் கைப்பிடி திரும்பாமல் பூட்டு நகராது என்ற அந்த இரும்பு ஏற்பாட்டுக்கு மின்சாரமும் தேவையில்லை, நிரலும் தேவையில்லை. ஆலையில் எதை மாற்றுவதாக இருந்தாலும் தகுதியுள்ள பொறியாளர் வழியாக, ஜேகேகேபி (மலேசியத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) விதிகளுக்கு உட்பட்டுத்தான். மாணவர் வேலை காகிதத்திலும் கணினியிலும் நிற்க வேண்டும்.

ஒன்பதாம் படி: மாதிரியைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போங்கள்

ஆய்வறிக்கைக்குப் பாதுகாப்பு வாதம் ஒன்று எழுத வேண்டும்: என்ன சொல்கிறோம், ஏன் நம்பலாம், எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறோம். இதைப் படமாக வரையும் முறையை யார்க் பல்கலைக்கழகம் உருவாக்கியது. அனுமானங்களைத் தனிப் பக்கத்தில், பெரிய எழுத்தில் போடுங்கள். ஆசிரியருக்குக் கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தையும் நிலைப் படத்தையும் முதல் படியில் பேசிய ஆளிடமே காட்டுங்கள்.

நாங்கள் காட்டினோம். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். மீட்டர் தனியாக இருப்பதைப் பார்த்துத் தலையாட்டினார். "தெரியாது" என்ற கட்டத்தைத் தொட்டு, "இது நல்லா இருக்கு" என்றார். பிறகு படத்தின் மறுமுனையில் விரலை வைத்தார்.

"தம்பி, இந்தப் பக்கக் கதவு எங்க? நம்ம ஆலையில குலை முன்னால போகும், பின்னால வரும். ரெண்டு கதவு. அங்க வேற ஆள் நிப்பான், இவனுக்கு அவன் தெரியமாட்டான்."

அன்று மாலையே இரண்டாவது பூட்டைச் சேர்த்தோம். நிலைகள் 2,016. விதியில் "பூட்டு அவிழ்ந்திருந்தால்" என்று இருந்ததை "எந்தப் பூட்டு அவிழ்ந்திருந்தாலும்" என்று மாற்றி ஓட்டினோம். சில விநாடியில் புதிய கதை திரையில் வந்தது: முன்கதவு பூட்டியது, பின்கதவு பூட்டவில்லை, நிரல் நீராவி விட்டது.